தூஷணம்

1

தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாக வாசித்துவரும் வேதாகம மொழிபெயர்ப்பில் கடவுளைப் பழித்துப் பேசுவதற்குத் தேவதூஷணம் என்று பெயர். யாழ்ப்பாணத்துக்குப் போனால் இதே தூஷணம் வேறொன்றாகிவிடுகிறது. அங்கே ஒருவன் தூஷணம் பேசினான் என்றால் கெட்ட வார்த்தை பேசினான், தாயையோ உடலுறுப்பையோ இழுத்து வைதான் என்று பொருள். கடவுளுக்கு அதில் பங்கில்லை. ஒரே சொல் கடலுக்கு இக்கரையில் ஒரு சமயக் குற்றத்தையும் அக்கரையில் ஒரு தெருக் குற்றத்தையும் குறிப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இந்தத் தற்செயலில் ஒரு பழைய குழப்பம் படிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஞாயிறு பள்ளியில் சொல்லித் தரும் ஒழுக்கத்தில் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன: கடவுள் பெயரை வீணாக எடுக்காதே, கெட்ட வார்த்தை பேசாதே. இரண்டும் வாயின் அசுத்தம், இரண்டுக்கும் பரிகாரம் வாயைக் கழுவுவது என்பதாக ஒரு எண்ணம் குழந்தைப் பருவத்திலேயே பதிந்துபோகிறது.

கிறிஸ்தவம் இவ்விஷயத்தில் உண்மையாக என்ன சொல்கிறது என்று பார்க்கப் புகுந்தால், சுத்தம் அசுத்தம் என்ற பாகுபாடு அதன் மையத்தில் இல்லை. மையத்தில் இருப்பது பெயர் பற்றிய ஒரு விசாரம். யாருடைய பெயர், அது என்ன ஆகிறது என்ற கேள்வி. சபைகள் இதை மறந்திருப்பதால் தவறான இடத்தில் காயப்பட்டு, காயப்பட வேண்டிய இடத்தில் மரத்துப் போயிருக்கின்றன என்பது என் கட்சி.

2

பெயரைப் பற்றிய கட்டளை புரொட்டஸ்டண்டு எண்ணிக்கையில் மூன்றாவது, கத்தோலிக்க எண்ணிக்கையில் இரண்டாவது. வீண் என்று தமிழில் வந்திருக்கும் இடத்தில் எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘ஷாவ்’. வெறுமை, பொய் என்ற இரண்டு அர்த்தமும் அதற்கு உண்டு. கட்டளையின் முதல் இலக்கு வசைச்சொல் அல்ல, பொய்ச் சத்தியம். கடவுளின் பெயரை இழுத்து வந்து தன் பொய்க்கு ஜாமீன் நிறுத்துவதையே அது தடுக்கிறது.

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தையில் இதன் நடைமுறையைப் பார்க்கலாம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஆடு மாடு வாங்க விற்க ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தமிழில் சத்தியம், தெலுங்கில் ஒட்டு, கன்னடத்தில் ஆணெ. மூன்று மொழியிலும் ஆட்டின் வயதுக்கும் பல்லுக்கும் பசுவின் ஈற்றுக்கும் சாமிகள் சாட்சி சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வாங்குகிறவன் அவற்றைக் காதில் போட்டுக்கொள்வதில்லை, வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறான். மாட்டுத் தரகின் பழைய வழக்கப்படி துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை முடிகிறபோது ஒரு சாமியும் கூப்பிடப்படுவதில்லை. அந்த விரல்கள் பொய் சொல்வதில்லை என்பது இருவருக்கும் தெரியும். வங்கியிலும் இதுதான் நடக்கிறது. நகைக்கடனுக்கு வந்த சங்கிலியை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்க்கும்போது, யாரும் கேட்காமலே மாதா மேலும் மாரியம்மன் மேலும் சத்தியம் செய்கிறவர்களை கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து நான் தினமும் பார்க்கிறேன். சத்தியம் வருகிற இடமெல்லாம் சந்தேகம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சத்தியமே செய்ய வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருங்கள் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னது இந்த ஸ்திதியைக் கண்டுதான். ஒரு பேச்சுக்குச் சத்தியம் வேண்டும் என்றால் மற்றப் பேச்செல்லாம் பொய் பேசும் சுதந்திரம் உடையது என்று ஒப்புக்கொண்டதாகிறது. குவேக்கர்கள் இதை எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்துச் சிறை சென்றார்கள். சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி சொல்ல இங்கிலாந்து 1695இல் அவர்களுக்காகச் சட்டம் செய்தது. இன்று நம் நீதிமன்றத்தில் நாத்திகன் பெறும் அந்த வசதியின் பூர்வாசிரமத்தில், கடவுள் பெயரை வீணாக்க அஞ்சிய கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த அளவுகோலை வைத்தால் கட்டளையை மீறுகிறவர்கள் யார்? தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்ததற்காகச் சாமியைத் திட்டும் லாரிக் கிளீனர் அதில் சேர்வானா என்பது சந்தேகம். கர்த்தர் நேற்றிரவு என்னோடு பேசினார் என்று ஒலிபெருக்கியில் ஆரம்பித்துக் காணிக்கைக் கவரில் முடிக்கும் பிரசங்கி கட்டாயம் சேர்வார். அவர் வாயில் ஒரு கெட்ட வார்த்தை கூட வந்திராது.

3

கடவுளைத் திட்டுவது நம் மரபுக்குப் புதிதல்ல. சுந்தரர் ஒரு கண்ணைக் காஞ்சியில் பெற்று, மறு கண்ணைக் கேட்டுத் திருவாரூரில் சிவனோடு சண்டைக்கு நின்றவர். வன்தொண்டர் என்று பட்டம் கொடுத்து அவரைச் சைவம் நாயன்மார் வரிசையில் உட்கார வைத்திருக்கிறது. காளமேகத்தின் நிந்தாஸ்துதிகளை ரசிக்காத வைஷ்ணவனோ சைவனோ கிடையாது. புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னைக்குக் கூட்டி வந்து கந்தசாமிப் பிள்ளையிடம் மாட்டிவிட்டபோது யாரும் வழக்குப் போடவில்லை. தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபு இந்த நிலத்திலேயே விளைந்தும் புகழ்ச்சியையும் மன்றாட்டையும் எடுத்துக்கொண்ட அளவுக்கு ஏசலை எடுத்துக்கொள்ளவில்லை. மரியாதைக் குறைவு என்ற பயம் காரணமாக இருக்கலாம்.

ஆனால் வேதாகமத்துக்கு அந்தப் பயம் இல்லை. சங்கீதங்களில் கணிசமானவை புகார்கள். எரேமியா கடவுள் தன்னை ஏமாற்றிவிட்டதாகக் குற்றம் சாட்டுகிறார். யோபு தான் பிறந்த நாளைச் சபித்து, கடவுளை வழக்குக்கு இழுக்கிறார். அவருடைய நண்பர்கள் மூவரும் கடவுளுக்காக வாதாடுகிறார்கள். அவர்கள் பேச்சு ஆசாரமானது, இலக்கணமானது, பக்தி நிறைந்தது. கடைசி அதிகாரத்தில் கடவுள் தீர்ப்புச் சொல்கிறார்: யோபு பேசியது போல் இந்த நண்பர்கள் தன்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, ஆகவே பலி செலுத்தி யோபுவின் ஜெபத்தால் மன்னிப்புப் பெறட்டும் என்று. கடவுளின் மானத்தைக் காக்கப் புறப்பட்டவர்களுக்கு வேதாகமம் தரும் கௌரவம் இவ்வளவுதான்.

இந்தப் புத்தகத்தின் பிரதியிலேயே ஒரு விசித்திரம் உண்டு. கடவுளைச் சபித்துவிட்டுச் செத்துப்போ என்று யோபுவிடம் மனைவி சொல்லும் இடத்தில், எபிரேயப் பிரதியில் சபித்தல் என்ற சொல் இல்லை. ஆசீர்வதித்தல் என்ற சொல்தான் இருக்கிறது. கடவுளுக்குப் பக்கத்தில் சபிப்பது என்ற சொல்லை எழுதக் கை கூசி, எதிர்ச்சொல்லை வைத்துவிட்டார்கள். வாசிக்கிறவன்தான் தலைகீழாகப் புரிந்துகொள்ள வேண்டும். நன்னூல் படித்தவர்கள் இதை இடக்கரடக்கல் என்பார்கள், மங்கலம் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மங்கலத்தின் விளைவைப் பாருங்கள். மனம் நொந்த ஒரு பெண்ணின் வாயில் சொல்லாத ஆசீர்வாதத்தைத் திணித்து, பக்தி ஒரு சிறு பொய்யைச் செய்திருக்கிறது. அவள் பெயரும் புத்தகத்தில் இல்லை.

4

கிறிஸ்தவம் ஒரு தேவதூஷண வழக்கில் பிறந்த மதம். இதை அதன் விசுவாசிகள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். பிரதான ஆசாரியனின் வீட்டில் அன்றிரவு உள்ளே விசாரணை நடக்கிறது. அவன் தன் உடையைக் கிழித்துக்கொண்டு, இது தூஷணம், இனிச் சாட்சி எதற்கு என்கிறான். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத மிஷ்னாவில் இப்படிப்பட்ட வழக்குக்கான நடைமுறை ஒன்று காணப்படுகிறது. விசாரணை முழுக்கச் சாட்சிகள் கடவுளின் பெயருக்குப் பதில் வேறொரு பெயரைச் சொல்லியே சாட்சியளிக்க வேண்டும். தீர்ப்புக்கு முன் வெளியாட்களை அனுப்பிவிட்டு, மூத்த சாட்சியை மட்டும் தான் கேட்டதைக் கேட்டபடி சொல்லச் சொல்வார்கள். அவன் சொன்னதும் நீதிபதிகள் எழுந்து உடையைக் கிழித்துக்கொள்வார்கள். நிந்தையைத் தண்டிக்க வேண்டுமானால் நிந்தையை நீதிமன்றமே ஒருமுறை உச்சரித்தாக வேண்டும் என்ற சங்கடத்தை அந்த ரப்பிகள் உணர்ந்திருந்தார்கள். நம் போலீஸ் ஸ்டேஷன் முதல் தகவல் அறிக்கைகளில் அசிங்கமான வார்த்தைகளால் திட்டினார் என்பதோடு நிற்காமல் அந்த வார்த்தைகளையே வரிசையாக எழுதிவைக்கும் எழுத்தருக்கு அந்தச் சங்கடம் இருப்பதாகத் தெரியவில்லை.

அதே இரவு, அதே வீட்டு முற்றத்தில், நெருப்புக் காய்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தில் பேதுரு நிற்கிறார். அவருடைய கலிலேயாக் கொச்சை அவரைக் காட்டிக்கொடுக்கிறது. மூன்றாவது முறை கேட்டபோது சபிக்கிறார், சத்தியம் செய்கிறார். அன்றிரவு அந்த வீட்டில் உண்மையாகவே வசையும் பொய்ச் சத்தியமும் பேசிய ஆள் அவர் ஒருவர்தான். அவர் மேல் யாரும் வழக்குப் போடவில்லை. தூஷணம் பேசாதவருக்கு உள்ளே மரண தண்டனை தீர்மானமாகிறது.

இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்த சுவிசேஷக்காரர்களுக்கு எது பாவம் என்பதில் தெளிவிருந்தது. பேதுரு பின்னால் அழுவது வாயில் வந்த சாபத்துக்காக என்று நான் நினைக்கவில்லை. மாற்கின் விவரிப்பில் அவர் மறுக்கும்போது இயேசுவின் பெயரை உச்சரிப்பதே இல்லை. அந்த மனிதன் என்கிறார். மூன்று வருஷம் கூடவே நடந்த ஒருவரைப் பெயரில்லாத ஆளாக்கிவிட்டார். பெயர் வீணாகிப்போன இடம் அதுதான்.

5

நம் சட்டத்தில் தேவதூஷணம் என்ற குற்றம் இல்லை. இங்கிலாந்தில் இருந்தது. ஜேம்ஸ் கிர்கப் எழுதிய ஒரு கவிதையை வெளியிட்டதற்காக ஒரு சிறிய பத்திரிகையும் அதன் ஆசிரியர் டெனிஸ் லெமனும் 1977இல் லண்டனில் அதன்கீழ் தண்டிக்கப்பட்டார்கள். 2008இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் கடவுளைக் காக்க முற்படவில்லை, சமய உணர்ச்சியைத்தான் காத்தது. 1927இல் சேர்க்கப்பட்ட 295ஏ பிரிவும், அதன் இடத்தில் 2024இல் அமலுக்கு வந்த நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவும் கேட்பது ஒன்றைத்தான்: ஒரு வகுப்பாரின் சமய உணர்ச்சி தீய நோக்கத்தோடு வேண்டுமென்றே புண்படுத்தப்பட்டதா? கடவுள் இங்கே கட்சிக்காரர் அல்ல. நான் புண்பட்டேன் என்று சொல்கிறவன்தான் கட்சிக்காரன்.

அரசாங்கத்துக்கு இது நியாயமான ஏற்பாடாக இருக்கலாம். கிறிஸ்தவன் அந்த மேடையில் ஏறும்போது என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை. அவன் கடவுளின் பெயரைச் சொல்லித் தன் உணர்ச்சிக்கு நஷ்டஈடு கேட்கிறான். மனிதர் பேசும் எந்தத் தூஷணமும் மன்னிக்கப்படும் என்று அவனுடைய குருவே சொல்லியிருக்கிறார். மன்னிப்பில்லாதது என்று அவர் விலக்கிய ஒன்றும், கண்ணெதிரே நடந்த ஒரு நன்மையைப் பிசாசின் வேலை என்று சொன்ன பண்டிதர்களை நோக்கிச் சொல்லப்பட்டது. 2006இல் ‘டாவின்சி கோட்’ படத்தைத் தமிழக அரசு தடை செய்தது. அந்தத் தடையை ரத்து செய்தவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். ஆர். சூடாமணியின் கதைகளைப் பின்னாளில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்பதால் நம் வாசகர்கள் அவரை அறிவார்கள். இரண்டாயிரம் வருஷம் தாங்கிய ஒரு விசுவாசம் இரண்டரை மணி நேர சினிமாவுக்குத் தாங்காது என்ற அவிசுவாசம் அந்தத் தடையைக் கேட்டவர்களிடம்தான் இருந்தது.

கேரளத்தின் தொடுபுழாவில் 2010இல் நடந்தது இதைவிடக் கொடியது. கத்தோலிக்க நிர்வாகத்தின் நியூமன் கல்லூரியில் மலையாளப் பேராசிரியர் டி.ஜே. ஜோசப் ஒரு வினாத்தாளில், நிறுத்தக்குறி இடுவதற்காக, ஒரு பைத்தியக்காரனுக்கும் கடவுளுக்கும் நடக்கும் உரையாடலைக் கொடுத்தார். திரைப்பட இயக்குநர் பி.டி. குஞ்ஞுமுகம்மதுவின் எழுத்திலிருந்து எடுத்தது. அதில் வைகிறவர் கடவுள். பைத்தியக்காரனை நாயே என்கிறார். பைத்தியக்காரனுக்கு ஜோசப் வைத்த பெயர் முகம்மது. நபியை நிந்தித்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலை 4ஆம் தேதி, ஞாயிறு பூசை முடிந்து தாயுடனும் சகோதரியுடனும் திரும்பிய வழியில் அவருடைய வலது கையை வெட்டினார்கள். அந்த வெறியை நான் இங்கே விசாரிக்கவில்லை, அதை நீதிமன்றங்கள் விசாரித்துத் தண்டித்திருக்கின்றன. நான் கேட்பது கிறிஸ்தவத் தரப்பை. கை போன ஆசிரியரை அதே ஆண்டில் கல்லூரி நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. 2013இல் நீதிமன்றம் அவரைக் குற்றத்திலிருந்து விடுவித்த பிறகும் வேலை திரும்பவில்லை. 2014 மார்ச்சில் அவர் மனைவி தற்கொலை செய்துகொண்டார். அதன் பின்னரே, ஓய்வு பெற ஒரு சில நாள் இருக்கும்போது, வேலை திரும்பக் கிடைத்தது. பிறர் மதத்தை மதிப்பது, கல்லூரியைக் காப்பது என்று நிர்வாகத்தின் தரப்பில் நியாயங்கள் இருக்கலாம். யோபுவின் நண்பர்களிடமும் நியாயங்கள் இருந்தன.

6

இனி மரத்துப்போன இடத்துக்கு வருகிறேன். யாக்கோபின் நிருபம் நாவைப் பற்றிச் சொல்லும்போது, ஒரே நாவால் கடவுளைத் துதித்துக்கொண்டு கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட மனிதனைச் சபிக்கிறோம் என்று நொந்துகொள்கிறது. இந்த வாக்கியத்தின் தர்க்கத்தை அதன் முடிவு வரை கொண்டுபோனால், மனிதனை இழிவாக அழைப்பதுதான் தேவதூஷணம். சாயல் நிற்கும் இடத்தில் மூலம் நிந்திக்கப்படுகிறது.

தமிழில் மனிதனை இழிவாக அழைப்பதற்கு மிகப் பழக்கமான வழி அவனுடைய பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாதியை வைப்பது. அகராதியில் வசையாக இல்லாத சொல், தொனியால் வசையாகிறது. எறையூரில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே தலித்துகள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டு எழுந்த மோதலில் 2008 மார்ச்சில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் செத்தார்கள். இரு தரப்பும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். ஞானஸ்நானம் என்பது பெயர் வைக்கும் சடங்கு. அந்தோணி என்றும் ஆரோக்கியம் என்றும் வைத்த பெயர் பீடத்திலிருந்து தெருவுக்கு வருவதற்குள் காணாமற்போகிறது.

சட்டம் இங்கே இன்னொரு கசப்பைச் சேர்க்கிறது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினரைச் சாதிப் பெயரால் பொது இடத்தில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. ஆனால் யார் பட்டியல் சாதி என்பதை 1950ஆம் ஆண்டு ஆணை தீர்மானிக்கிறது. அது இந்துக்களுக்கு மட்டுமாக இருந்து, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கு விரியவில்லை. ஆந்திரத்தில் போதகராக இருந்த ஒருவர் தம்மைச் சாதி சொல்லித் திட்டித் தாக்கியதாகத் தொடுத்த வழக்கில், மதம் மாறியவர் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று அந்த மாநில உயர்நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. ஞானஸ்நானம் சாதியைக் கழுவிவிட்டது என்று சட்டம் நம்புகிறது. திட்டுகிறவன் நம்புவதில்லை. கடவுளின் பெயர் புண்பட்டால் 299ஆம் பிரிவு இருக்கிறது. கடவுளின் சாயலான ஒரு தலித் கிறிஸ்தவன் புண்பட்டால், பொதுவாக அவமதிப்புக்கும் ஆபாச வசைக்கும் உள்ள பிரிவுகளோடு அவன் திருப்திப்பட வேண்டும். ஒரு சினிமாவுக்கு எதிராக அறிக்கை விடக் கூடுகிற சபைகள், வசைச்சொல்லைத் தேவதூஷணம் என்று பீடத்திலிருந்து ஒருமுறை அறிவிக்கட்டும். சட்டம் வருவதற்குக் காத்திருக்கத் தேவையில்லாத காரியம் அது.

7

நான் சொல்வதைக் கெட்ட வார்த்தைக்கான வக்காலத்தாக எழுத்தாளர்கள் எடுத்துக்கொள்ள இடமுண்டு. பெருமாள்முருகன் 2011இல் ‘கெட்ட வார்த்தை பேசுவோம்’ என்று தலைப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். மறைத்த சொற்களை வெளிச்சத்தில் வைத்துப் பேசும் அந்தக் காரியம் மொழிக்கு ஆரோக்கியமானது. அதற்குப் பிறகும் முன்பும் நம் பத்திரிகைகளில் வசையைக் கலகம் என்று வழங்கிவரும் கவிதைகளைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். தமிழ் வசைச்சொற்களில் பெரும்பாலானவை யாரைக் குறிவைக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் போதும்: எதிரியின் தாய், பெண்ணின் உடல், கீழே வைக்கப்பட்ட சாதி. திட்டப்படுகிறவன் ஆண், அடிபடுகிறவள் அங்கே இல்லாத ஒரு பெண். இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக் கவிதையில் போட்டுவிட்டு ஸ்தாபனத்தை எதிர்த்ததாகச் சொல்வது, தரகனின் சத்தியத்தைப் போன்ற ஒன்றுதான். உள்ளே கனமில்லாத இடத்தில் வெளியே ஒரு கனத்தை ஏற்றுகிறது. ஷாவ் என்ற சொல் இதற்கும் பொருந்தும்.

ஒரு நாவலில் வட்டிக்காரன் கடன்பட்டவளை வைகிறான் என்றால் அந்த வசை முழுதாக வர வேண்டும். அங்கே இடக்கரடக்கல் செய்தால், யோபுவின் மனைவிக்குச் செய்த அநியாயத்தை அவளுக்கும் செய்ததாகிறது. அவள் எதைக் கேட்டாள் என்பதை வாசகன் கேட்டாக வேண்டும். ஆசிரியனின் குரலே வட்டிக்காரனின் குரலாகிவிடும் இடத்தில்தான் விஷயம் மாறுகிறது. இந்த வேறுபாட்டைச் சொல் சுத்தமா அசுத்தமா என்ற கேள்வியால் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சொல் விழுந்த இடத்தில் யாருடைய பெயர் அழிகிறது, அழிவதை எழுதுகிறவன் பார்த்தானா என்று கேட்க வேண்டும். சபைக்கும் எழுத்தாளனுக்கும் இந்த ஒரு கேள்வி பொது.